ஆண் அந்துப்பூச்சியின் பின்னங்கால்

ஆறு வருடத் தேடலில் டீச்சர் சூர்யகலாவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆண்தான். சாண் போட்டு நடக்கும் புழுவிலிருந்து வரும் அந்துப்பூச்சி அது. இலைமேல் அப்பியதுபோல் சிறகுகளை விரித்து உட்காரும். இளம்பச்சைச் சிறகின் குறுக்கே அலையலையாக ஒரு வெள்ளைக் கோடு. பெண் பூச்சிகள் நிறையக் கிடைத்தன. பெண்ணை மட்டும் வைத்து அது எந்தப் பேரினம் என்று சொல்ல முடியாது. இந்த ஆணின் உணர்கொம்பு பாதிவரை இறகுபோலக் கிளைத்து, பிறகு நூலாக முடிந்தது. தடித்த பின்னங்கால் தனக்குள் ஒரு மயிர்க்கற்றையை ஒளித்து வைத்திருந்தது. இவை இரண்டும் சேர்ந்த பூச்சி, பெயர் பெற்ற எந்தப் பேரினத்திலும் இல்லை. அது பறந்த சோலையைப் போன வருடம் வெட்டி, ஏலம் நட்டு, மருந்தும் அடித்துவிட்டார்கள். பெயரில்லாத ஓர் உயிருக்குப் பெயர் வைப்பதை அவள் வழிபாடு போலவே செய்துவந்தாள்.

அந்தப் பின்னங்காலை வரைவதுதான் பாக்கி. மலைவளைவில் ஜீப் குலுங்கினால் அது உதிர்ந்துவிடும். அதனால் பூச்சிகளைக் குத்திவைத்த பெட்டியை விட்டுவிட்டு, நுண்ணோக்கியை இரவல் வாங்கிவர மதுரைக்குப் போனாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சுடலையிடம் பெட்டியைக் கொடுத்து, பூஞ்சணம் பிடிக்கக் கூடாது, பச்சை வெளுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். இருபது வருடமாகக் காயின் பச்சையைக் காத்தவர் அவர்.

மூன்றாம் நாள் அவள் திரும்பியபோது, பெட்டி காய்த்தட்டுகளுக்கு நடுவே திறந்திருந்தது.

"சூடு நல்லா ஏறட்டும்னு மூடியத் தொறந்து வச்சேன், டீச்சரம்மா. காயோட காயா" என்றார் சுடலை.

பச்சைக்காய் முதலில் விடும் நீராவியெல்லாம் பூச்சிகளின்மேல் இறங்கியிருந்தது. காய்க்கு ஏற்ற அந்தச் சூடு இந்தப் பச்சைக்கு ஆகவில்லை. எல்லாச் சிறகுகளும் வைக்கோல் நிறமாகிவிட்டன. ஆணின் கொம்புகளும் கால்களும் உதிர்ந்து, விசிறிக் காற்றில் போயிருந்தன.

சுடலைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வெளுத்துப்போச்சே" என்றார் மெதுவாக.

அவர் மனைவி கற்பகம் ஏலக்காயில் கழிவு பொறுக்குகிறவள். தட்டுகளின் அடித்தூசியை முறத்தில் கூட்டி, வெள்ளைத் துணியில் பரப்பி, சாயங்காலம்வரை விரல்நுனியால் தேடினாள். பாதி இறகாக ஒரே ஒரு கொம்பு கிடைத்தது. கால் கிடைக்கவேயில்லை.

சூர்யகலா நோட்டில் எழுதினாள். உணர்கொம்பு: பாதிவரை இறகு. பின்னங்கால்: காணவில்லை. பேரினம் என்பதற்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை. அதை வெற்றாக விட்டு, கீழே சேதத்தின் காரணத்தை எழுதினாள்.

"காரணம்னு எம் பேரை எழுதுவீகளா?" என்று சுடலை கேட்டார்.

"மழைக்காலத்துச் சேதம்னு எழுதிருக்கேண்ணே."

"அது பொய்யில்லையா?"

"மழை பெய்யத்தானே செய்யுது."

மறுநாள் அவள் பெட்டியோடு கிளம்பியபோது, ஜீப்பில் மலையடிவாரத்துப் போடிவரை சுடலையும் கூட வந்தார். பெட்டியைத் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். உதிர்வதற்கு அதில் இனி ஒன்றுமில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.