தகரனின் இடது கால்

மனித குலம் இதுவரை செய்திருக்கும் காரியங்களிலேயே கடைசிப் படியில் நிற்பது, இணையச் செய்திக்குக் கீழே கருத்து எழுதுவதுதான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. தொழில்முறையில் சொல்கிறேன். கல்லூரி விட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு செய்தித் தளத்துக்கு வரும் வாசகர் கருத்துகளைப் படித்து, உள்ளே விடலாமா, குப்பையில் போடலாமா என்று தீர்ப்புச் சொல்வது என் பகுதிநேர வேலை. நண்பர்கள் வைத்த பெயர் கத்தரி. செய்தியைப் படிக்காமலே ‘அருமை’ என்பவர், வெள்ளச் செய்திக்குக் கீழே தன் மச்சானைத் திட்டுபவர், எல்லாவற்றிலும் ‘முதல் கருத்து நான்தான்’ என்று கொடி நடுபவர், அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். நான் என்றைக்காவது ஒரு கருத்து எழுதினால் பாதி மீசையை மழித்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறேன் என்று கேன்டீனில் சாட்சிகள் முன்னிலையில் சபதம் செய்திருந்தேன். மீசை அப்போதுதான் ஒருவழியாக ஒன்றுகூடியிருந்தது. ஆகவே அது சில்லறைப் பந்தயம் இல்லை.

அந்த நேரத்தில்தான் ‘தூரக் கலம்’ திரும்பி வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் அப்பா அம்மாக்கள் இளமையில் தெருவைக் காலியாக்கிவிட்டுப் பார்த்த விண்வெளித் தொடர். அட்டையில் செய்த கிரகங்கள், கவிழ்த்த சட்டி போல ஒரு விண்கலம், அதில் தகரன் என்று ஓர் இயந்திர மனிதன். தகரன் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பான். அந்த நடையை நடந்து பார்க்காத பிள்ளையே அன்றைக்குக் கிடையாதாம். தயாரிப்பு நிறுவனம் வெளியிட்டது ஒரே ஒரு பக்க அறிக்கை. எங்கள் தளம் அதை எலுமிச்சம்பழம் போலப் பிழிந்தது. காலையில் ‘திரும்பி வருகிறான் தகரன்’. மதியம் ‘தகரனின் கண் நீலமா, பச்சையா? ரசிகர்கள் மோதல்’. சாயங்காலம் ‘புதிய தொடர் பற்றி இதுவரை தெரிந்தவை அனைத்தும்’. ஒன்றுமே தெரியாது என்பதை அவ்வளவு நீளமாக எழுத முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. எழுதியவர் ஆசிரியர் அக்கா. நல்லவர். சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது. கட்டுரையில் ஒரு பத்தி குறைகிறதென்று, அந்தக் காலத்திலேயே ரிமோட்டில் இயங்கிய அதிசய இயந்திரம் தகரன் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். மறுநாள் எல்லாத் தளங்களிலும் அந்த வரி இருந்தது.

தகரனுக்குள் இருந்தது என் அப்பா.

இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் நம்பிக்கை கெட்டுவிடும் என்று, வெளியே சொல்ல மாட்டேன் என அப்பாவிடம் நிறுவனம் கையெழுத்து வாங்கியிருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் போட்டோ எடுக்க விடவில்லை. தொடரின் முடிவில் பெயர்கள் ஓடும்போது ‘தகரனாக: தகரன்’ என்றுதான் போட்டார்கள். தொடர் நின்றது, நிறுவனம் கைமாறியது, அப்பா ஒரு சலவைக் கடையில் அழுக்குத் துணி வாங்கிப் போடும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கண் விளக்குக்கான பேட்டரியை வைக்க வேறு இடமில்லாமல் தகரனின் இடது காலுக்குள் வைத்திருந்தார்களாம். அந்தக் கனத்தை இழுத்து இழுத்து வந்ததுதான் அந்த நடை. தகரனைக் கழற்றிப் போட்ட பிறகும் சாய்வு மட்டும் அப்பாவிடமே தங்கிவிட்டது. பள்ளியில் ஒருமுறை எழுந்து நின்று, தகரன் எங்க அப்பாதான் என்று சொன்னேன். டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் எனக்கு நகைச்சுவை உணர்வு வந்தது.

பழைய நடிகர்கள் அனைவரையும் பத்திரிகையாளர் சந்திப்பில் மேடையேற்றப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்து, அப்பா ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“போதுங்க, மடிப்புல விரல் வெட்டிக்கப் போகுது” என்றாள் அம்மா.

“சும்மா தொங்கிக் கசங்குது. அதான்.”

“யாராவது கூப்பிடுவாங்கன்னு பாக்குறீங்களா?”

“என்னை எதுக்குக் கூப்பிடணும்? கையெழுத்துப் போட்டவன் நான்.”

அப்போது போன் அடித்தது. அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கக்கூட நிற்காமல் சாய்ந்து சாய்ந்து ஓடினார். பார்சல் கொண்டுவந்த ஆள், வழி கேட்டான். திரும்பி வரும்போது சட்டையின் தோள் சூட்டில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. அம்மா பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

நான் ஆசிரியர் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, அந்த ரிமோட் வரி தப்பு. உள்ள ஆள் இருந்தாரு.”

“ஆதாரம்?”

“எங்கப்பா.”

“எல்லாரோட அப்பாவும்தான்டா தம்பி. வேற தளத்துல எல்லாம் ரிமோட்னுதானே இருக்கு?”

“அவங்க நம்மளப் பாத்துதானேக்கா எழுதினாங்க.”

“அப்ப நாம எழுதினது சரின்னுதானே அர்த்தம்?” அவர் கொட்டாவி விட்டார். “ஒரு போட்டோவாவது கொண்டா. மாத்திடறேன்.”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு போட்டோ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திப்பை நேரலையில் காட்டினார்கள். அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கடைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று காரணமும் சொன்னார். கடைக்கு அன்று விடுமுறை. மேடையில் கப்பல் தலைவனாக நடித்தவர் வந்தார், விண்வெளி டாக்டராக நடித்தவர் சக்கர நாற்காலியில் வந்தார். பிறகு பழைய தகரனுக்குள் மோட்டார் பொருத்தித் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். தொகுப்பாளர் ஒரு பொத்தானை அமுக்க, தகரன் கையை உயர்த்தி அசைத்தான். கைதட்டல். “அன்றும் ரிமோட், இன்றும் ரிமோட்!” என்றார் தொகுப்பாளர்.

“ரிமோட்டாமே” என்றார் அப்பா. பிறகு, “நல்லதுதான். ரிமோட்டுக்கு முட்டி வலிக்காது” என்றார்.

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் என் வேலை மலை போலக் குவிந்தது. சந்திப்புச் செய்திக்குக் கீழே உலகமே கூடியிருந்தது. தகரனுக்குள் இருந்தது நான்தான் என்று பலர், எங்க சித்தப்பா என்று சிலர், கடை வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்று முகவரியோடு ஒருவர். இதற்கெல்லாம் எங்களிடம் விதி இருக்கிறது. நிரூபிக்க முடியாத உரிமை கோரினால் வெட்டு. ‘எங்க அப்பா’ என்று தொடங்கும் கருத்தைப் படிக்காமலே வெட்டலாம் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. வெட்டிக்கொண்டே வந்தேன். தோள் வலித்தது. அப்போது ‘ஒரு ரசிகர்’ என்ற பெயரில் இது வந்தது:

‘இயந்திரம் இல்லை.. ஆள்தான்.. பேட்டரி இடது காலில் இருந்தது அதான் சாய்வு.. வாய்க்கு நேரே சல்லடை அது வழியாத்தான் மூச்சு.. மழைக் கிரகம் எடுத்தப்போ தண்ணி உள்ளே போய் ஷாக் அடிச்சது.. ஆனா நிறுத்தலை.. அந்த ஆளும் நடிச்சாருதான்..’

வாக்கியத்துக்கு வாக்கியம் இரண்டு புள்ளி. கடையிலிருந்து வீட்டுக்கு அவர் அனுப்பும் செய்திகளும் அப்படித்தான் இருக்கும். ‘வரேன்.. பால் இருக்கா..’

விதிப்படி வெட்ட வேண்டும். உள்ளே விட்டேன்.

உடனே ஆட்கள் வந்துவிட்டார்கள். ‘பெரியவரே, மாத்திரை போட்டீங்களா?’ வெட்டினேன். ‘ரிமோட்னு நியூஸ்லயே போட்டிருக்கான், இவரு வந்துட்டாரு.’ அதையும் வெட்டினேன், விதியில் இடமில்லாவிட்டாலும். பிறகு ஒருவர் மிகவும் மரியாதையாக எழுதினார்: ‘ஆதாரம் ஏதும் உள்ளதா ஐயா?’ அதில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை.

கதவிடுக்கில் பார்த்தேன். அப்பா இன்னும் அதே சட்டையில்தான் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்தார். கவிழ்த்து வைத்தார். திரும்பவும் எடுத்தார். ஏதோ தட்டச்சு செய்யப் போய், விரலைத் தூக்கியபடியே வைத்திருந்துவிட்டு, மறுபடியும் கவிழ்த்தார். கையெழுத்துப் போட்டவர் அவர். நான் எதிலும் போடவில்லை.

அவர் கருத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தேன். பெயர் கேட்டது. ‘ஒரு வாசகர்’ என்று அடித்தேன். அழித்தேன். என் பெயரை முன்னெழுத்தோடு அடித்தேன். பிறகு அந்த முன்னெழுத்தையும் அழித்துவிட்டு, அது குறிக்கும் அப்பாவின் பெயரை முழுசாக, எழுத்து எழுத்தாக அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: ‘எங்க அப்பா சொல்றது உண்மை. அவர் இப்பவும் அப்படித்தான் நடக்கிறார்.’

அது சுற்றிக்கொண்டு என்னிடமே தீர்ப்புக்கு வந்து நின்றது. அனுமதித்தேன்.

முன்னறையில் போன் டிங் என்றது. நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் லேசாகவும் அந்த நடை வந்து, என் அறை வாசலில் நின்றது. நான் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி, மீசையின் இடது பாதியை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.