சனிக்கிழமைச் சவாரி

அஜக்ஸ் நகரத்தில் இருந்த பெற்றோர் வீட்டுக்குள் மெலனி நுழைந்தபோது, தம்பி கிளிபோட் அப்பாவின் தாடையை ஒரு வெள்ளைத் துண்டால் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஹோலில் சோபா இருந்த இடத்தில்தான் இரண்டு மாதமாக அப்பாவின் கட்டில் கிடந்தது.

"எத்தினை தரம் கோல் பண்ணினனான், அக்கா?" அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"போன் ஜக்கற்றுக்குள்ள கிடந்தது."

"ஜக்கற் எங்க கிடந்தது?"

அவளுடைய முழங்கால்வரை ஏறிய சப்பாத்தும், அதில் ஒட்டியிருந்த வைக்கோலும் சொல்லிவிட்டன. கட்டில் ஓரத்தில் செபமாலையோடு இருந்த அம்மா தலையை நிமிர்த்தினார்.

"போய்க் குளிச்சிட்டு வா. குதிரை மணக்குது."

"எத்தினை மணிக்கு?"

"பத்து நாப்பது," என்றான் கிளிபோட். "காலமை ரெண்டு தரம் உன்னைக் கேட்டவர். வாறா, வந்துகொண்டிருக்கிறா எண்டனான்."

மேலே குளியலறையில், தொட்டியின் விளிம்பில் மெலனி உடுப்பைக் கழற்றாமல் இருந்தாள். பத்து நாற்பதுக்கு அவள் பாய்ந்துகொண்டிருந்தாள். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு வந்த முதற் பாய்ச்சல், ஒரு கிழட்டுக் கபிலக் குதிரையின் மேல். மைதானத்தின் தூர மூலையில் அது தானாகவே ஓட்டத்தை மாற்றிப் பாய்ச்சலில் இறங்கியது. விழப்போகிறேன் என்று நினைத்தாள். விழவில்லை. இடுப்பு தன்பாட்டில் அசைவைப் பிடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

சனிக்கிழமைக் காலைகள் அவளுடைய முறை. மற்ற நாட்களில் அம்மாவும் கிளிபோட்டும் அப்பாவைப் பார்த்துக்கொள்வார்கள். அன்று எட்டு மணிக்கு, 'பின்னேரம் வாறன்' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பிவிட்டு வடக்கே குதிரைப் பண்ணைக்குக் காரை விட்டிருந்தாள்.

பதினொரு வயதில் அவளை முதன்முதல் அந்தப் பண்ணைக்குக் கூட்டிப்போனவர் அப்பாதான். பள்ளிக்கூடத்தால் போன ஒரு சுற்றுலாவில் குதிரையைத் தடவிவிட்டு வந்து, ஒரு கிழமையாக வேறு கதை இல்லாமல் இருந்தாள். அப்பா அகஸ்ரினுக்குப் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வேலை முடித்துவந்து, முகத்தைக் கழுவிவிட்டு, ஸ்காபரோவிலிருந்து ஸ்டூவில் தாண்டி ஒரு மணித்தியாலம் கார் ஓடுவார். அவள் சவாரி பழகும்வரை காருக்குள் இருப்பார். நித்திரை கொள்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பதினைந்து வயதில் ஒரு சனிக்கிழமை அவர் கார்த் திறப்பை எடுக்கவில்லை.

"லெஸ்லி இனி உன்னைக் கொண்டுவர வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா. உனக்கு உது சரிவராதாம்."

லெஸ்லி பழக்குகிற வெள்ளைக்காரி. அதற்கு முந்தின கிழமைதான், இலையுதிர் காலப் போட்டிக்கு மெலனியை இறக்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். சரிவராது என்ற அந்த ஒரு சொல்லை மெலனி எங்கும் கொண்டுதிரிந்தாள். கார் ஓடப் பழக முப்பது வயதானது. பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தும், பயந்து, பல் துப்புரவாக்குகிற வேலையோடு நின்றுகொண்டாள். போன வருடம் விவாகரத்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்தபோதும் அந்தச் சொல் பக்கத்தில் இருந்தது.

மே மாதம், ஏனென்று தனக்கே தெரியாமல் பண்ணைக்குப் போனாள். லெஸ்லிக்கு அறுபது தாண்டியிருந்தது. இவளைக் கண்டதும் பெயர் சொல்லி அழைத்தாள். முதல் நாள் சவாரிக்குப் பிறகு இரண்டு நாள் மெலனியால் படி இறங்க முடியவில்லை. பதினைந்து வயதில் விழுந்தால் எழும்பலாம் என்றிருந்த உடம்பு, இப்போது குதிரை காதை ஆட்டினாலே ஒவ்வொரு எலும்பையும் நினைத்துப் பயந்தது. ஆனாலும் குதிக்காலைத் தாழ்த்த வேண்டும் என்று எவரும் சொல்லாமலே கால் அறிந்திருந்தது.

ஓகஸ்ட்டில் ஒரு நாள் சேணத்தைத் துடைத்துக்கொண்டே லெஸ்லி கேட்டாள், அப்போது ஏன் அப்படித் திடீரென்று ஆசை விட்டுப்போனது என்று. மெலனிக்கு விளங்கவில்லை. உனக்கு ஆசை போய்விட்டது, இனி வரமாட்டாய் என்று உன் அப்பாதானே வந்து சொன்னார், என்றாள் லெஸ்லி. அந்தப் போட்டியில் உன் பெயரை நான் கடைசிவரை வெட்டவில்லை.

அன்றே அஜக்ஸுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"லெஸ்லி அப்படிச் சொல்லவே இல்லையாமே, அப்பா?"

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"ஓம். நான்தான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

"நான்தான், பிள்ளை," என்று மட்டும் திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வந்தாள். மருந்து கொடுத்தாள், விரிப்பு மாற்றினாள், உதட்டை நனைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண்ணாலேயே அவளைப் பின்தொடர்ந்தார். நான்காவது சனிக்கிழமைதான் இன்று.

*

மார்க்கம் நகரத்து இறுதிச்சடங்கு மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை பார்வைக்கு வைத்தார்கள். பெட்டிக்குள் அப்பா, கிளிபோட்டின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டோடு கிடந்தார். அது இப்போது அவருக்குப் பெரிதாக இருந்தது. சனம் வரிசையில் வந்து கைகொடுத்துப் போனது. அருள்நாயகம் அங்கிள் மட்டும் அவளுடைய கையை விடவில்லை. அப்பாவோடு பதினேழு வருடம் ஒரே மெஷினில் வேலைசெய்தவர்.

"சனிக்கிழமை எண்டா உன்ர அப்பா ஓவர்டைம் செய்யமாட்டான், பிள்ளை. பிள்ளை குதிரை ஓடவேணும் எண்டு பறந்திடுவான். காருக்குள்ள நித்திரை கொள்ளடாப்பா எண்டா, 'எப்பிடிக் கொள்ளுறது, அவள் வளைஞ்சு வாற வடிவைப் பாக்கவேணும்' எண்டுவான்."

அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிறகு உன்ர கொம்மா சண்டைபிடிச்சு நிப்பாட்டின நேரம், பக்டரிச் சாப்பாட்டு அறையில இருந்து அழுதவன். நான்தான் தண்ணி குடுத்தனான்."

"ஆர் நிப்பாட்டினது, அங்கிள்?"

"கொம்மாதான். ஏன், உனக்குத் தெரியாதோ?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ பிசகிவிட்டது விளங்கியது. கையை மெல்ல விட்டுவிட்டுப் பெட்டிப் பக்கம் நகர்ந்தார்.

தேத்தண்ணி வைத்திருந்த சின்ன அறையில் அம்மா தனியே இருந்தார். மெலனி கதவைச் சாத்தினாள்.

"குதிரையை நிப்பாட்டினது நீங்களோ?"

அம்மா கடதாசிக் கோப்பையைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை.

"சேர்ச்சில சனம் கதைச்சது. பொம்பிளைப் பிள்ளை காலை அகட்டிக்கொண்டு குதிரையில இருக்கிறாள், நாளைக்கு ஆர் கட்டுவான் எண்டு. அந்த நேரம் எனக்கு உதுதான் பெருசாத் தெரிஞ்சது."

"கட்டினவன் விட்டிட்டுப் போட்டான் அம்மா."

அம்மா கோப்பையின் விளிம்பை விரலால் தடவினார்.

"அப்ப, அப்பா ஏன் தான்தான் எண்டவர்? சாகக் கிடக்கேக்க எதுக்கு உந்தப் பொய்?"

"அண்டைக்கு நீ போனாப்பிறகு, உண்மையைச் சொல்லப்போறன் எண்டு வெளிக்கிட்டனான். அவர்தான் கையைப் பிடிச்சவர்." அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டார். "'நான் போயிடுவன், மரியம்மா. நீதான் அவளோட இருக்கப்போறாய். என்னோட கோவிச்சிட்டுப் போகட்டும்' எண்டவர்."

வெளியே யாரோ செபம் தொடங்கினார்கள். முன்னிருந்தவர்கள் சேர்ந்து சொல்வது கேட்டது.

"மூண்டு கிழமை," என்றாள் மெலனி. "மூண்டு கிழமை நான் அவரோட கதைக்கேல்ல. நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்கள்?"

"ஓம்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்தது," என்றார் அம்மா.

*

மறுநாள் பூசை முடிந்து, சேமக்காலையில் அப்பாவை அடக்கி எல்லாம் முடிய இரண்டு மணியானது. மழை தூறியது. கிளிபோட்டின் மனைவி பிள்ளைகளோடு வாகனத்தில் ஏறிவிட்டிருந்தாள்.

"அக்கா, அம்மா தனிய அந்த வீட்டில இருக்கேலாது," என்றான் கிளிபோட். "எங்கட பேஸ்மென்ற்ல படியள் நிறைய. உன்ர பக்கம் ஒரு அறை சும்மாதானே கிடக்கு?"

"ஓம்," என்றாள் மெலனி.

அம்மா முன் சீற்றில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மெலனி காரை எடுத்தாள்.

"எங்க போறம், பிள்ளை?"

"யூனியன்வில்லுக்கு. என்ர வீட்டுக்கு."

சேமக்காலை வாசலுக்கு வரும்போதே கார் விட்டுவிட்டு மணியடிக்கத் தொடங்கியது. அம்மா பெல்ட்டை இழுத்தார். அது பாதியில் இறுகி நின்றது. மறுபடி இழுத்தார். கொளுவி துவாரத்தில் பொருந்தவில்லை. மெலனி வீதியைப் பார்த்தபடி இருந்தாள். வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மணி இன்னும் வேகமாக அடித்தது. பின்னால் வந்த கார் ஹோர்ன் அடிக்காமல் காத்து நின்றது.

அவள் கையை நீட்டி, அம்மாவின் முகத்தைப் பாராமல், பெல்ட்டை வாங்கிக் கொளுவினாள். மணி நின்றது. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.