பதினேழாம் கட்டம்

கதவோரம் உட்கார்ந்திருப்பவர்களும் உள்ளே நகர்ந்து வாருங்கள் கண்மணிகளா. ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு, அந்தச் சொல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதையைச் சொல்லப் போகிறேன். நடுவில் மூச்சு முட்டினால் சொல்லுங்கள், ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.

அவள் அரசாங்கத்தின் பேரிடர்ப் பிரிவில் எழுத்தர். எந்நேரமும் கக்கத்தில் ஒரு கோப்பு இருக்கும். அதனால் தெருவில் அவளுக்குக் கோப்பக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தத் தெரு எப்படிப்பட்டது தெரியுமா? முன்னால் மேட்டில் தண்டவாளம். ஒருபக்கம் ஆழமான கால்வாய், மறுபக்கம் சரக்குக் கிடங்குகளின் முதுகு. பின்னால் நீரேற்று நிலையத்தின் மதில். உள்ளே நாற்பத்திரண்டு வீடு. வெளியே போக ஒரே ஒரு ரயில்வே கேட். பாட்டிலுக்குள் குடியிருப்பது போலத்தான். மூடி மட்டும் ரயில்வேயின் கையில்.

வியாழக்கிழமைதோறும் காலை பத்தரைக்குக் கச்சா எண்ணெய் ரயில் அந்தக் கேட்டைக் கடக்கும். ஐம்பத்தெட்டு டேங்கர். அது கவிழ்ந்தாலோ கசிந்தாலோ யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கோப்பு உண்டு. வருடாவருடம் அதைப் புதுப்பிப்பவள் கோப்பக்காதான். புதுப்பிப்பது என்றால் வேறென்ன, தேதியை மாற்றுவது.

அதில் பதினேழாம் கட்டத்தில் ஒரு கேள்வி: குடியிருப்புக்கு மாற்று வழி உண்டா? முதல் வருடம் அவள் அதைக் காலியாக விட்டாள். காலிக் கட்டத்தோடு மேலே அனுப்ப முடியாது என்று கோப்பு திரும்பி வந்தது. "இல்லை" என்று எழுதினாள். "இல்லைன்னு போட்டா ஏன் இல்லைன்னு கேட்பாங்க. அதுக்கு யாரும்மா பதில் எழுதறது?" என்று பிரிவு அதிகாரி மறுபடி திருப்பினார். மூன்றாம் தடவை "உண்டு" என்று எழுதினாள். அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் எட்டு வருடம் அந்த "உண்டு" அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு. பக்கத்துத் தண்டவாளத்தில் காலி டேங்கர் ஒன்றை நிறுத்துவார்கள். சங்கு ஊதும். தீயணைப்புக்காரர்கள் அதன்மேல் நுரையடிப்பார்கள். கோப்பக்கா விசிலும் பச்சைக் கொடியுமாகத் தெருச் சனத்தைத் திறந்திருக்கும் கேட் வழியாக அந்தப் பக்கம் கூட்டிப் போவாள். ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம், ஒரு புகைப்படம், அவ்வளவுதான்.

இந்த வருடம் பார்வையிட வரும் பெரிய அதிகாரிக்கு வியாழக்கிழமைதான் ஒழிந்தது. கோப்பக்கா ஞாயிறை வியாழனாக மாற்றினாள். வாராவாரம் கேட் மூடுவதைக் கண்ணால் பார்க்கிறவள்தான். ஆனால் கோப்பில் ஓடும் ரயில் அவளுக்கு வேறேதோ ரயிலாகத் தோன்றியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஆறு பேருக்கும் அப்படியே.

ஒத்திகைக்காகச் சிக்னலைச் சிவப்பில் வைத்தார்கள். எண்ணெய் ரயில் வந்தது. டிரைவர் என்ன செய்வார் பாவம், பிரேக்கைப் பிடித்தார். ஐம்பத்தெட்டு டேங்கரும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட சத்தம் தெருக்கோடி வரை உருண்டது. கேட்டை அடைத்துக்கொண்டு ரயில் நின்றது.

கோப்பக்கா விசிலோடு வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கேட்டிலிருந்து மூன்றாவது வீடு. உள்ளே அவள் புருஷன், கடைசல் பட்டறைக்காரர், தொடை வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். முதலில் நாற்றம் வந்தது, அழுகிய முட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றினாற்போல. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு டேங்கரின் வயிற்றுக்கடியிலிருந்து கறுப்பாக ஒழுகி, ஜல்லியில் இறங்கி, தெருச் சாக்கடைக்குள் வந்துகொண்டிருந்தது. சாக்கடை ஓடுவது அவள் வாசற்படியை ஒட்டி.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒத்திகைச் சங்கு ஊதியது. நாற்பத்திரண்டு வீட்டுக் கதவும் திறந்தது. தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, சிரித்த முகமாக எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"கோப்பக்கா, இந்த வருஷமாவது கிரீம் வெச்ச பிஸ்கட்டா? போன வருஷத்து பிஸ்கட்டைக் கடிச்சு என் பல்லு ஆடிப்போச்சு," என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

"அடுப்பை அணை! இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கு! இது நிஜம்!"

"வருஷா வருஷம் நீ சொல்றதுதானே? 'நிஜம்னு நினைச்சுக்கோங்க'ன்னு!"

சுற்றிலும் சிரிப்பு. பேசிப் பயனில்லை என்று கோப்பக்கா தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்துச் சாக்கடையோரம் இழுத்துப் போய்க் குனிய வைத்தாள். தண்ணீரின்மேல் கறுப்புத் தோல் ஒன்று ஊர்ந்து வந்தது. தையல்காரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் அவள் போட்ட கூச்சல் இருக்கிறதே, சங்கு தோற்றது. "அடுப்பை அணைங்கடி! பீடியைக் கீழே போடுய்யா, நீ செத்தாலும் பரவால்ல, எங்களையும் கூட்டிட்டுப் போகாதே!"

இரண்டு பேர் டேங்கருக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தார்கள். சக்கரங்களுக்கு அப்பாலிருந்து கேட்காரர் கத்தினார்: "நுழையாதீங்க! எஞ்சின் முக்கா கிலோமீட்டர் தள்ளி நிக்குது. எப்ப அசையும்னு எனக்கே தெரியாது!"

கோப்பக்கா வீட்டுக்குள் ஓடிப் பிரிவு அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தாள். "சார், நிஜமாவே கசியுது."

"தெரியும்மா, பதறாதே. தீயணைப்பு வண்டியை மாற்று வழியில அனுப்பிட்டோம்."

"எந்த மாற்று வழி சார்?"

"கோப்புல இருக்கிறதுதான்."

"சார், அது இல்லைன்னு உங்களுக்கே…"

அவர் குரல் தணிந்தது. "பெரிய ஐயா பக்கத்துல நிக்கிறார். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வண்டிக்காரங்க எப்படியும் கண்டுபிடிச்சுப்பாங்க." அழைப்பு அறுந்தது.

சுவர்கள் நான்கும் ஒரு முழம் நகர்ந்து வந்தது போலிருந்தது அவளுக்கு. சொன்னால் வேலைக்கு உலை. சொல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி, இல்லாத வழியைத் தேடிக் கால்வாய்க் கரையோரம் அலையும். இங்கே சாக்கடை நிரம்பும். ஒரு பொறி போதும். கட்டிலில் கிடப்பவரை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? ஓட இடமேது?

"என்னங்க," என்றாள் கட்டிலைப் பார்த்து.

"கேட்டுட்டுதான் இருக்கேன். வண்டிக்காரங்ககிட்ட சொல்லிடு."

"வேலை போயிடும்ங்க."

"போனா பட்டறையில சேர்த்துக்கறேன். நீயாவது நேரத்துக்கு வருவே. சொல்லு முதல்ல."

தீயணைப்பு நிலைய அதிகாரியின் எண் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவரே எடுத்தார், மூச்சு வாங்க. "கால்வாய்க் கரையில வந்துட்டிருக்கோம்மா. எங்கே திரும்பணும்? கோப்புல 'உண்டு'ன்னு மட்டும்தான் இருக்கு, எங்கேன்னு இல்லை."

"எங்கேயும் திரும்ப முடியாது சார். கரை ரோடு நீரேற்று நிலையத்தோட முடிஞ்சுடும். அதுக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல மதில். வழியே கிடையாது."

"அப்ப இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார். எட்டு வருஷமா."

திட்டுவார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திட்டவில்லை. "மதில் எவ்வளவு கனம்?" என்றார்.

அது அவளுக்கு எங்கே தெரியும்? ஆனால் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "நீரேற்று நிலையத்துப் பழைய மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி இடிக்கச் சொல்லு. ரயில்ல வந்த பெரிய மோட்டாரை நம்ம தெரு வழியாத்தான் உள்ளே தள்ளினாங்க. அதுக்காக மதிலை உடைச்சு, அப்புறம் ஒத்தைச் செங்கல் வெச்சு அடைச்சாங்க. அந்த மோட்டாருக்குத் தண்டு கடைஞ்சு கொடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

தெரு முழுக்க அந்த மதிலோரம் போய் ஒண்டியது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைகள் இருமின. கடைசல்காரரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "மெதுவாடா, உருப்படியா மிச்சம் இருக்கிறது ஒத்தைக் காலுதான்," என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் செங்கல், பின்னால் நாற்றம். கோப்பக்கா மதிலில் காதை வைத்து நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வைத்தாள். தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பின்னால் யாரோ அழத் தொடங்கினார்கள். அது தையல்காரி என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

அப்புறம், கண்மணிகளா, மதில் ஈரமானது. அந்தப் பக்கத்தில் பொறி பறக்காமலிருக்கத் தண்ணீரை அடித்துக்கொண்டே கடப்பாரை போட்டார்கள். ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. அந்த ஓட்டையில் ஒரு கை தெரிந்தது. இருபது நிமிடத்தில் கட்டில் நுழையுமளவுக்கு வழி திறந்தது. சனமெல்லாம் வெளியே போக, அதே ஓட்டை வழியாகக் குழாய் உள்ளே வந்து சாக்கடையை நுரையால் மூடியது. எதுவும் பற்றவில்லை. கோப்பக்காதான் கடைசி ஆளாக வெளியே வந்தாள், கையில் ஒரு தடவைகூட ஊதாத விசிலோடு.

இதோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாம் நாள் நீரேற்று நிலையக்காரர்கள் வந்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். இந்தத் தடவை இரட்டைச் செங்கல், மேலே கண்ணாடிச் சில்லு. பாதுகாப்புக்காம். கோப்பக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது: மேலதிகாரியைக் கேட்காமல் வேறொரு துறைக்குத் தகவல் கொடுத்தது ஏன், விளக்கம் தரவும். வியாழக்கிழமை வந்தது. ரயிலும் வந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கோப்பும் வந்தது, தேதி மாற்ற. "வழிதான் கிடைச்சுதே, 'உண்டு'ன்னே இருக்கட்டும்," என்றார் பிரிவு அதிகாரி.

"அடைச்சாச்சே சார்."

"அடைச்சது வேற துறைம்மா. நமக்கு அந்தத் தகவல் வரலை."

அவள் பேனாவின் மூடியைத் திறந்து, எட்டு வருடத்துச் சொல்லைக் கோடு போட்டு அடித்தாள். பதினேழாம் கட்டத்தில் இப்படி எழுதினாள்: "இல்லை. மதிலோரம் ஒரு கடப்பாரை மாட்டியிருக்கிறது." கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

கோப்பு அன்றே திரும்பி வந்தது. அவளும் அன்றே அதைத் திருப்பி அனுப்பினாள். இது நாலு தடவை நடந்துவிட்டது. கடப்பாரை நிஜம்தான். அவள் புருஷன், கட்டுப் பிரித்த மறுநாளே, பட்டறையில் முனை தீட்டிக் கொண்டுவந்து மாட்டியது. வியாழக்கிழமை காலையில் மட்டும் தையல்காரி அதன் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் நிறைத்து வைக்கிறாள். கேட் திறந்த பிறகுதான் அதை எடுத்துச் செடிக்கு ஊற்றுவாள்.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒன்று இருந்தால் பின்வாசலும் ஒன்று இருக்கட்டும். அடுப்பு சமையலுக்கு மட்டும் எரியட்டும். நடக்க முடியாதவரைத் தூக்க நாலு தோள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தை குட்டியோடு குறைவில்லாமல் இருங்கள்.