மேலே ஒரு ரூம், கீழே ஒரு ரூம்

வாழவந்தியில் யார் ஊட்டில் என்ன குழம்பு என்று எனக்குத் தெரியும் என்பார்கள். சுத்தப் பொய். குழம்பெல்லாம் தெரியாது, அதை யாருக்குப் பரிமாறினார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

அதனால் பக்கத்து ஊட்டு வெள்ளையன் அண்ணன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டபோது, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் வெங்கடேஷ் வருவானா மாட்டானா என்று ஊரே பட்டிமன்றம் நடத்த, வருவான் என்று முதலில் சொன்னவள் நான். வந்தான். ஊட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனியும் சரியென்றது. அண்ணன் மனைவியை இழந்த மனுஷர். எழுப்பி உட்கார வைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் எங்கள் ஊரில் பனி இறங்கினால் நெட் படுத்துவிடும். வெங்கடேஷ் பேசிக்கொண்டே இருப்பான். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அவன் வாய் திறந்தபடி நின்றுபோன படம்தான் தெரியும். இரண்டு தடவை அப்படி ஆனதும் மேலதிகாரி சொல்லிவிட்டார்: வியாழக்கிழமை, செய்த வேலையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடியோவில் விளக்கிக் காட்ட வேண்டும். அதுவும் பாதியில் அறுந்தால், பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிட வேண்டியதுதான்.

"அப்பாவ என்ன பண்றதுன்னே தெரியலைங்க அத்தை" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஏற்காட்டில் ஒரு பயிற்சி மையத்தின் கேண்டீனில் இருக்கிறேன். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் வந்து கூட்டம் போடுகிற இடம். மேட்டில் ஒரு கட்டடம், பள்ளத்தில் ஒரு கட்டடம், இரண்டிலும் நெட் வசதியோடு மீட்டிங் ரூம்கள். வெங்கடேஷைக் கையோடு கூட்டிப் போய் மேனேஜர் ஜெப்சன் சார் முன்னால் நிறுத்தி, வியாழக்கிழமைக்கு ஒரு ரூம் கேட்டேன்.

சார் நல்ல மனுஷர்தான். சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருப்பார், ஒன்றும் எழுதாது. கம்ப்யூட்டரைத் திறக்காமலே, "வியாழக்கிழமையா? எல்லாம் ஃபுல்லுங்க" என்றார்.

"பாக்காமயே சொல்றீங்களே சார்."

"கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ரூமா தொறந்து பாத்தா அரை நாளு போயிருமுங்க ரூபிக்கா. எனக்கு மனசுலயே இருக்குது."

அந்த மனசின் பேரில் நம்பிக்கை இல்லாத இன்னொருத்தி அங்கே இருந்தாள். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற அபிஷா. யாரிடமும் பேச மாட்டாள், மத்தியானச் சோற்றைக்கூடத் திரையைப் பார்த்தபடியேதான் சாப்பிடுவாள். இந்தப் பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் ஆகும் என்று நான் கவலைப்படாத நாள் இல்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாளைக்கு வாங்கண்ணா, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பாக்கறேன்" என்றாள்.

ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டருக்கு இடுகிற வேலை என்று பிறகு எனக்கு விளக்கினாள். நம் மையத்தில் எது எது மீட்டிங் ரூம் என்று அதுவே தேடும்; ஒவ்வொன்றிலும் எப்போது புக்கிங் இருக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் போடும். அரை நாள் வேலை, அதற்கு ஒரு மூச்சு.

மறுநாள் காபி கொடுக்கிற சாக்கில் நானும் போய் நின்றேன். ஸ்கிரிப்ட் ஓடியது. முதலில் நம் வேனையும் ஒரு மீட்டிங் ரூம் என்று சொல்லிவிட்டது. எத்தனை பேர் உட்காரலாம் என்று வேனுக்கும் போட்டு வைத்திருந்தார்களாம்.

"டிரைவரத்தான் தலைவரா உக்கார வெக்கோணும்" என்றேன். அபிஷா சிரிக்கவில்லை. வேனை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். வியாழக்கிழமைக்கு எல்லா ரூமும் சிவப்பு, ஒன்றுகூடக் காலியில்லை. ஜெப்சன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெங்கடேஷ் பையைத் தோளில் மாட்டினான்.

"யாரு யாரு புக் பண்ணிருக்காங்கன்னு பேரு வராதா கண்ணு?" என்று கேட்டேன். அவன் நல்லதுக்காகக் கேட்டேன் என்று சொன்னால் சொன்ன வாய் வெந்துபோகும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். என் தொல்லை தாங்காமல் அபிஷா பேரையும் சேர்த்தாள்.

பேர் வந்தது. எல்லாப் பேரும் இரண்டு இரண்டாக வந்தது. அதே ஆள், அதே நேரம், மேலே ஒரு ரூம், கீழே ஒரு ரூம்.

இதன் சூட்சுமம் ஏற்காட்டுக்காரர்களுக்குத்தான் புரியும். பனி வந்தால் மேல்கட்டடத்தில் நெட் போய்விடும். மழை வந்தால் கீழ்க்கட்டடத்தில் கரண்ட் போய்விடும். எது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பழகியவர்கள் எல்லாரும் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி இரண்டிலும் இடம் பிடித்து வைக்கிறார்கள். பாதி ரூம் காலியாகவே கிடக்கிறது, கேட்டால் ஃபுல்லு.

"இது யாருங்க சார், ஜெப்சன்?" என்றாள் அபிஷா, விரலைத் திரையில் வைத்து.

வியாழக்கிழமை ஹெட் ஆபீசோடு சாருக்கு வீடியோ மீட்டிங். அவரும் இரண்டு ரூம் பிடித்திருந்தார். "அது ஒரு பாதுகாப்புக்குங்க" என்றவர், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி, கீழ இருக்கறத தம்பி எடுத்துக்கட்டும்" என்றார். ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் வெங்கடேஷ் பேர் ஏறியது.

வியாழக்கிழமை காலையில் பனி இறங்கியது. கேண்டீன் ஜன்னலிலிருந்து மேல்கட்டடம் கண்ணுக்கே தெரியவில்லை. வெங்கடேஷ் கீழ் ரூமில் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும், சார் லேப்டாப்பைத் திறந்தபடியே மார்பில் அணைத்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். மேலே நெட் போயே போய்விட்டது. ஹெட் ஆபீஸ் காத்திருக்கிறது.

நேராக அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் போனார். கையிலிருந்த கரண்டியோடு பின்னால் ஓடினேன். தட்டினால் போச்சு. தட்டுவதற்கு அவருக்கு உரிமை இல்லையென்று யார் சொல்ல முடியும், அவர்தானே மேனேஜர்.

உள்ளே வெங்கடேஷ் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். சார் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் தலையைத் தடவிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ரூபிக்கா, உங்க அடுப்படில நெட் கெடைக்குமா?"

கிடைக்கும், அது கீழ்க்கட்டடம்தானே. காலி மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தேன். கிரைண்டரை நிறுத்தினேன். அவருக்குப் பின்னால் வெங்காயச் சாக்கு தெரிந்திருக்க வேண்டும். ஹெட் ஆபீஸ்காரர் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

"கேண்டீன் சுத்தமா இருக்குதான்னு பாக்க வந்தேனுங்க சார்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அந்த மனுஷரைப் பற்றி நான் இதுவரைக்கும் பேசியதில் பாதியை அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி உண்மை, அதை என்ன செய்ய?

வெங்கடேஷ் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒரு தடவகூட அறுகலைங்க அத்தை. அப்பா நடக்கற வரைக்கும் இங்கயே இருந்துக்கச் சொல்லிட்டாங்க." அடுப்படியில் டின் மேல் உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான். மீட்டிங் முடியாததால் சார் பேனாவை ஆட்டிப் பதில் சொன்னார்.

சாயங்காலம் அபிஷாவையும் இழுத்துக்கொண்டு வெள்ளையன் அண்ணன் ஊட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். வெங்கடேஷ் அப்பாவின் முதுகுக்குக் கைகொடுத்து எழுப்பி உட்கார வைத்தான். நடந்ததை நான் சொன்னதும் அண்ணன் அவளைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"நீ நொம்ப நல்லா இருப்ப சாமி" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "என்ற காலக் கீழ தொங்கப் போடு, பாக்கலாம்" என்றார்.

அதுவரை கட்டிலை விட்டுக் காலை இறக்கவே மாட்டேன் என்றிருந்த மனுஷர் அவர்.