கவர்னருக்கான செபம்

எங்கள் வீட்டில் சாயங்காலச் செபமாலை முடிந்ததும் ஒரு கவர்னருக்காகத் தனியாக ஒரு செபம் சொல்வோம். சென்னையில் இருந்த கவர்னருக்கு அல்ல. ஆப்பிரிக்காவில் ஸ்பெயின்காரர்கள் ஆண்டுவந்த கினியா என்ற நாட்டின் கவர்னருக்கு. பாகலூரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு செபம் கிடையாது. ஆகவே அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா ஜெயசெல்வி பெங்களூரில் ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் சேர்ந்தாள். நர்ஸ் படிப்பு முடிந்ததும், அறுபத்து மூன்றாம் வருஷம், கினியாவில் அதே சபையார் நடத்திய ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பினார்கள். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஆறு வருஷம் அங்கே சேவை செய்தால் ஒரு முறை வீட்டுக்கு வந்துபோகலாம் என்பது சபையின் விதி. அறுபத்தொன்பது மே மாதம் வருவாள் என்று, அவள் கப்பல் ஏறிய அன்றே அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பா ஆரோக்கியநாதன் ஒரு வெள்ளைக்காரத் துரையின் திராட்சைத் தோட்டத்தில் வெகுகாலம் மேஸ்திரியாக இருந்தவர். துரைக்குப் பல் வலி வந்தால் ஆட்களுக்கு அரைக் கூலி. துரைசாணி சீமையிலிருந்து நல்லபடியாகத் திரும்பினால் எல்லோருக்கும் வேட்டி, புடவை. இதைப் பார்த்துப் பார்த்து, மேலே இருப்பவனின் உடம்பும் மனசும் சரியாக இருந்தால் கீழே இருப்பவர்களுக்குக் கெடுதல் வராது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். அதனால் அக்காவின் முதல் கடிதத்தை நான் படித்துக் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அதெல்லாம் சரிடா. அங்க பெரியவரு யாருன்னு எழுதியிருக்காளா?"

எழுதிக் கேட்டோம். கவர்னர், தோன் அல்வாரோ என்று பதில் வந்தது. தோன் என்றால் நம் ஊரில் ஐயா என்பது மாதிரி என்றும் எழுதியிருந்தாள். அன்று சாயங்காலமே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"ஆண்டவரே, கினியா தேசத்துக் கவர்னர் தோன் அல்வாரோவுக்கு நல்ல தேக சுகமும், நல்ல தூக்கமும், இளகின மனசும் தந்தருளும்."

நானும் அம்மாவும் "ஆமென்" என்றோம்.

கவர்னர்கள் மாறினார்கள். தோன் அல்வாரோ போய் தோன் எவுசேபியோ வந்தார். இவருடைய மனைவி ஆஸ்பத்திரிக்குக் கம்பளிகள் கொடுத்தாராம். அந்தச் சேதி வந்த வாரம் அப்பா அந்த அம்மாளுக்கும் சேர்த்து வேண்டினார். பிறகு தோன் கஸ்பார் வந்தார். பதவியின் பெயர் இப்போது கமிஷனர் என்று ஆகிவிட்டதாக அக்கா எழுதியிருந்தாள். அப்பா மாற்றவில்லை. "கவர்னர்னா ஆண்டவருக்கு ஆள் தெரியும். கமிஷனருன்னா சேலம் முனிசிபாலிட்டி ஆளுன்னு நெனச்சுக்குவாரு" என்றார்.

பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த லால் பாஷாவுக்கு இது பெரிய வேடிக்கை. அப்பாவைப் பார்த்தால் விடமாட்டார்.

"என்னா நாதண்ணே, கவர்னரு சௌக்கியமா? மூட்டு வலின்னு சொன்னியே?"

"இப்ப தேவலையாம் பாய்."

"நம்ம தாசில்தாருக்கும் ரெண்டு வார்த்தை சொல்லி வைய்யேன். பட்டா கேட்டு நடந்து என் மூட்டு தேயுது."

அம்மாவுக்கு இது வேடிக்கையாக இல்லை. ஒருநாள் செபம் முடிந்து எழுந்திருக்கும்போது அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வயித்துல பொறந்தவ பேரு ஒருநாளாச்சும் உங்க வாயில வருதா? எவனோ ஒருத்தனுக்குத் தூக்கம் வரணும்னு முட்டி போட்டுக் கெடக்கறோம்."

"அவரு நல்லாருந்தா இவ நல்லாருப்பா. நம்ம வூட்டு ஆளுக்கு நாமே கேட்டா அது சிபாரிசு. மேஸ்திரியா இருந்தப்ப ஒருநாளு நான் அப்பிடிக் கேட்டதில்ல."

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அறுபத்தெட்டு அக்டோபரில் ஒருநாள் லால் பாஷா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ரேடியோவில் சொன்னார்களாம். கினியாவுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. ஸ்பெயின் கொடியை இறக்கிவிட்டார்கள்.

"நல்ல சேதிதான் நாதண்ணே. ஆனா உங்க கவர்னருக்கு வேலை போச்சு" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

பங்குச் சாமியார் அருள்ஜோசப்பிடம் போய், இனி யாருக்காக வேண்டுவது என்று அப்பா கேட்டார். புதிதாக வந்திருப்பவருக்காக வேண்டுங்கள் என்றார் சாமியார். அங்கே கவர்னராக யார் வந்திருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பேர் தெரியாத ஆளுக்கு எப்படி வேண்டுவது என்று அப்பா தோன் கஸ்பாருக்கே தொடர்ந்து சொல்லிவந்தார்.

கிறிஸ்துமஸ் கழிந்து அக்காவின் கடிதம் வந்தது. ஊரே ஆடிப்பாடியதாம். வார்டில் நடக்க முடியாதவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடியேற்றத்தைக் காட்டினார்களாம். "தோன் கஸ்பார் கப்பலேறிவிட்டார் அப்பா, அவரை இனி நீங்கள் விட்டுவிடலாம்" என்று விளையாட்டாக எழுதியிருந்தாள். மே மாதம் வருவது நிச்சயம் என்றும், அம்மா கையால் களியும் கீரைக் குழம்பும் வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். புது கவர்னரின் பெயரை எழுத மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. மார்ச்சில் அங்கே கலவரம், ஸ்பெயின்காரர்கள் எல்லோரும் வெளியேறுகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. நான் அப்போது ஓசூரில் ஒரு பட்டறை ஆபீசில் டைப்பிஸ்ட். லீவு போட்டுவிட்டுப் பெங்களூர் மடத்துக்குப் போனேன். தந்தி கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை என்றார்கள். அப்பா செபத்தை விடவில்லை. கவர்னர் அங்கே இல்லை என்று நான் சொன்னதற்கு, "எனக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதாண்டா" என்றார்.

மே மாதம் முதல் வாரத்தில் ஒரு வாடகைக் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. உள்ளே வெள்ளை உடுப்பு தெரிந்ததும் அம்மா, "வந்துட்டா! என்னாங்க, செல்வி வந்துட்டா!" என்று ஈரக் கையோடு ஓடினாள். காரிலிருந்து இரண்டு கன்னியாஸ்திரிகள் இறங்கினார்கள். ஒருவர் பெங்களூர் மடத்து மதர். இன்னொருவர் வயதான ஸ்பெயின்காரி, சிஸ்டர் பிலார். அக்காவோடு கினியாவில் வேலை செய்தவர். அம்மா அவர்களைத் தாண்டிப்போய்க் காருக்குள் குனிந்து பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றாள். நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

சிஸ்டர் பிலார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்த காலையில் எல்லா சிஸ்டர்களுக்கும் லாரியில் இடம் இருந்தது. பிரசவ வார்டில் இரண்டு பெண்கள் வலியில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று அக்கா நின்றுவிட்டாள். அந்த ஊர்க்காரச் சிஸ்டர் ஒருவரும் அவளோடு இருந்தார். மறுநாள் லாரி அனுப்ப முடியவில்லை. குழந்தைகள் இரண்டும் நல்லபடியாகப் பிறந்தன. பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து அலமாரி காலியாக இருந்தது. ஈஸ்டர் வாரத்தில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக் கோயிலுக்குப் பின்னால் புதைத்திருக்கிறார்கள். அங்கேயே தங்கிவிட்ட சாமியார் ஒருவர் சொல்லியனுப்பித்தான் மடத்துக்கே தெரிந்தது.

இதை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு நேரமாயிற்று. "இறந்து" என்று வரும் இடத்தில் இரண்டு முறை நிறுத்திவிட்டேன். அம்மாதான், "சொல்லுடா. அவுங்க என்னா சொன்னாங்களோ அதச் சொல்லு" என்றாள்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தோன் கஸ்பாருன்னு ஒருத்தரு… அவரு?"

சிஸ்டருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஆச்சரியம். நன்றாக இருக்கிறார் என்றார். மாட்ரிட் விமான நிலையத்துக்கே தங்களைப் பார்க்க வந்தாராம். மூட்டு வலி போய்விட்டதாம், இப்போது நன்றாகத் தூங்குகிறாராம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாராம்.

நான் இதைத் தமிழில் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்லிவிட்டேன்.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அம்மா. சத்தமே இல்லை அவள் குரலில். "நல்லாத் தூங்கறாராம். நீங்க கேட்டது கெடச்சுடுச்சு."

அப்பா எழுந்து வெளியே போனார். தெருவில் கார் டிரைவருக்குப் பக்கத்தில் போய், வெயிலில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

மதர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ ஆறுதல் சொன்னார். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் பிலாரைப் பார்த்து, "இப்ப அங்க கவர்னரு யாருன்னு கேளுடா" என்றாள்.

கேட்டேன். சிஸ்டர் தயங்கினார். அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் இப்போது, நல்லவரா கெட்டவரா என்று தனக்குத் தெரியாது, எதற்குக் கேட்கிறீர்கள் என்றார்.

"பேரு மட்டும் போதும்."

சிஸ்டர் சொன்னார். நம் நாக்குக்கு வராத பெயர். அம்மா திருப்பிச் சொன்னாள், தப்பாக வந்தது. சிஸ்டர் மறுபடி சொன்னார். அம்மா வாயசைவைப் பார்த்துப் பார்த்து, சரியாக வரும்வரை சொன்னாள். பிறகுதான் அவர்களைக் காப்பி குடிக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் லால் பாஷாவும் அவர் மனைவி தில்ஷாத்தும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். செபமாலையை அம்மாதான் தொடங்கி அம்மாவே முடித்தாள். கடைசியில் அப்பா வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. அம்மா அவர் பக்கம் திரும்பாமலே அந்தப் புதிய பெயரைப் பிசகில்லாமல் சொன்னாள்.

"ஆண்டவரே, அவருக்கு இளகின மனசு குடும். எம்பொண்ணு அவரு மண்ணுலதான் படுத்திருக்கா. அவளை அங்கருந்து யாரும் கெளப்பாம இருக்கணும்."

அப்பா தரையில் நெற்றி படக் குனிந்து அழுதார். நான் "ஆமென்" என்றேன். லால் பாஷாவும் சொன்னார்.