பக்கச்சுவரின் எட்டுக் குழாய்கள்

வாழவந்தி நாட்டு ஓடையில் புதிதாகக் கட்டிய தடுப்பணை முதல்முறையாக நிரம்பி வழிந்தது. அதைக் கட்டும்போது மேற்பார்வை பார்த்த ஜாஸ்மின் குடையை மடக்கிவிட்டு நின்றாள். ஆளுயரத் தண்ணீர் முட்டிக்கொண்டிருக்க, அடி அகன்ற அந்தக் கற்கட்டு தன் கனத்தை மட்டுமே நம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வரைபடத்தில் நூறு முறை பார்த்ததுதான். ஆனாலும் நேரில் பார்க்க மலைப்பாக இருந்தது.

பிறகு வழக்கம்போல் எண்ணத் தொடங்கினாள். கரை மண்ணைத் தாங்கும் பக்கச்சுவரில், மண்ணில் ஊறும் நீரை வடிக்க எட்டுக் குழாய்கள். ஒன்றிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சுவரின் நடுவில் மயிரிழையாய் ஒரு விரிசல்.

"ஏனுங்க மேடம், அந்தக் குழாயையா பாக்கறீங்க?" கீழ்வயல்காரி ருக்குமணி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "நண்டு வளையாட்டம் ஒழுகிட்டே கெடந்துச்சுங்க. நாந்தான் களிமண்ணு வெச்சு அடைச்சேன். வரப்புல அடைக்கறதுதானுங்களே!"

ஜாஸ்மின் விரிசலை நோக்கி நடந்தாள். அணைக்குக் கனம் இருக்கிறது. இந்தச் சுவர் மெல்லியது. பின்னால் ஊறிய மண்ணில் தேங்கிய தண்ணீர், வெளியேற வழியில்லாமல் அதைத் தள்ளுகிறது. சுவர் சாய்ந்தால் கரை அறுந்து, ஓடை முழுதும் இவள் வயலில்தான் இறங்கும்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டாள். கால் மணி நேரத்தில் விரிசல் கோட்டை ஒரு விரற்கடை தாண்டியது.

"அக்கா, அடைச்சதை எடுக்கணும்."

"எடுத்தா என்ற நாத்தங்கால் போயிருமுங்க! அணையக் கட்டிப்போட்டு அதுல ஓட்டையும் போடுவாங்களா?"

தான் நினைப்பது தப்பாக இருந்தால்? திறக்கும்போதே சுவர் விழுந்தால்? ஜாஸ்மின் மீண்டும் கோட்டைப் பார்த்தாள்.

"கடப்பாரையக் குடுங்க. நீங்க மேட்டுக்குப் போயிருங்க."

"நீங்க?"

ஜாஸ்மின் கடப்பாரையை வாங்கிக்கொண்டு சுவரடிக்குப் போனாள். அழுத்தம் அடியில்தான் அதிகம். அதனால் அடிவரிசையில், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று குத்தினாள். களிமண் கட்டி தெறித்தது. சேற்றுநீர் மூன்று முழம் எட்டிப் பாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

"ஆத்தாடி!" மேட்டிலிருந்து ருக்குமணி கத்தினாள். "இத்தனையையுமா இந்த நோஞ்சான் செவுரு தாங்கிட்டு நின்னுச்சு?"

ஒரு மணி நேரத்தில் பாய்ச்சல் தணிந்து, நீர் தெளிந்து ஒழுகியது. ஜாஸ்மின் புதிதாகப் போட்ட கோட்டை விரிசல் தொடவே இல்லை. அணையின் மேல் தண்ணீர் ஒரே சீராகச் சரிந்து விழ, காலடி மண் மெல்ல அதிர்ந்தது.

ருக்குமணி இறங்கி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒரு பாத்தி நாத்து போச்சுங்க மேடம். நடவன்னிக்கு நீங்களும் சேத்துல எறங்கோணும், ஆமா."

"வர்றேங்க்கா."

ருக்குமணி அதற்குள் எட்டாவது குழாயில் விரலை விட்டு, மிச்சக் களிமண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.