ஒரு சாண் வாய்க்கால்

ஆறு கடலில் சேரும் இடத்தில் எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று அருள்பாண்டி நினைத்திருந்தான், கடலோரத்துக் கழிமுனை ஊரில் பெண் எடுக்கும் வரைக்கும். அமராவதிபுதூரில் பிறந்தவனுக்குக் கண்மாய் தெரியும், மடை தெரியும், கலுங்கு தெரியும். ஆற்றுக்கு வாய் உண்டு, அந்த வாயைக் கடல் அடைத்துவிடும் என்பது தெரியாது.

மறுவீட்டுக்கு வந்தபோது அதைக் காட்டியவர் அவன் மனைவி சித்ராவின் அண்ணன் பூமிநாதன். கோடையில் ஆறு மெலிந்துபோகும். கடல் மெலியாது. ஒவ்வொரு அலையும் ஒரு கை மணலைக் கொண்டுவந்து ஆற்று வாயில் வைத்துவிட்டுப் போகும். அதைத் திருப்பித் தள்ளுகிற வேகம் ஆற்றில் இருக்காது. அப்படியே சேர்ந்து சேர்ந்து, ஆவணி முடிவதற்குள் வாய்க்குக் குறுக்கே மணல் ஒரு கரையாக எழும்பிவிடும். அதற்கு முன்பே கடலிலிருந்து குஞ்சாக உள்ளே வந்த மடவையும் இறாலும் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே வளரும். ஐப்பசியில் காரைக்குடிப் பக்கம் பெய்கிற மழை கண்மாய் மாற்றிக் கண்மாயாக வழிந்து கடைசியில் இந்த மணலுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது ஊர் கூடி மணலை வெட்டிவிடும்.

வெட்டும் நாள் அமாவாசை. அன்றைக்குக் கடல் மற்ற நாளைவிட அதிகமாக உள்வாங்கும். அது இறங்கத் தொடங்குகிற நேரம் பார்த்து வெட்டினால் ஆற்றுத்தண்ணீர் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். ஓட்டத்துக்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் கம்பு நட்டு, பை மாதிரி நீண்ட வலையைக் கட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் வலைக்கண் வழியாகப் போய்விடும், மீன் பைக்குள் தங்கிவிடும். அந்த முதல் ஓட்டத்து மீன் முழுக்க ஒரே வீட்டுக்கு. எந்த வீடு என்பது முறைப்படி சுற்றி வரும். பூமிநாதனின் அப்பா காலத்தில் ஒரு தடவை வந்த முறை, இந்த வருசம் பூமிநாதனுக்கு வந்திருந்தது.

வர வேண்டிய நேரத்தில்தான் வந்திருந்தது. போன வருசப் புயலில் அவருடைய வள்ளம் பாறையில் மோதிப் பிளந்துவிட்டது. அதிலிருந்து அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த ஓட்டத்து மீன் கிடைத்தால் சொந்தமாக ஒரு வள்ளம் கட்டலாம். இல்லாவிட்டால் கடலை விட்டுவிட வேண்டியதுதான். அருள்பாண்டி புதுவயலில் ஒரு அரிசி மில்லில் வேன் ஓட்டுகிறான். வருகிறபோதெல்லாம் கூப்பிடுவான்.

"மில்லுக்கு வந்துருங்க மச்சான். நான் சொன்னா எடுத்துக்குவாக."

"நான் தூக்குன மூடையில மீன் வாடை அடிக்கும் மாப்ள. அரிசி விக்காது. உங்க மொதலாளி உங்களையும் சேத்துல்ல வெரட்டுவாரு."

வாய் திறக்கிற வீட்டார் அதற்கு முன்னால் பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிட்டு வருவது வழக்கம். அந்தக் காலையில் பூமிநாதனும் அவர் மனைவி வீரலட்சுமியும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். மணலுக்குக் காவல் இருக்க வேண்டியது முறைக்கார வீட்டு ஆள். அதற்காகவே அருள்பாண்டி லீவு போட்டு, முதலாளியிடம் சொல்லி மில் வேனிலேயே வந்திருந்தான்.

"தங்கச்சி புருசனும் வீட்டு ஆளுதானே. ஆடு மாடு ஏறி மிதிக்காமப் பாத்துக்கங்க மாப்ள. நாளக்கழிச்சு அமாவாசை. அதுவரைக்கும் பொறுத்துட்டா போதும்."

"தம்பி, சோறு சட்டியில இருக்கு" என்றாள் வீரலட்சுமி. "மீன் தேடாதீக. இன்னிக்கு இந்த வீட்டுல மீனுக்கு லீவு."

ஊர் வள்ளங்கள் எல்லாம் விடியும் முன்பே கடலுக்குப் போய்விட்டன. அருள்பாண்டி மணல் மேட்டில் குந்தினான். ஒரு பக்கம் நீலமாகக் கடல், ஒரு பக்கம் செங்கலைக் கரைத்ததுபோல் ஆறு. இரண்டுக்கும் நடுவில் அவன். கம்புகளும் வலையும் சுருட்டிக் கட்டிப் பக்கத்திலேயே கிடந்தன.

இங்கே வெயில் அடித்தாலும் காரைக்குடிப் பக்கம் மழை விட்டபாடில்லை. அந்தத் தண்ணீர் இப்போதுதான் வந்து சேர்ந்தது. கரையோரம் அவன் ஊன்றி வைத்த குச்சி கொஞ்சம் கொஞ்சமாக முழுகி, காணாமலே போனது. மேட்டில் தாழ்வான ஓர் இடத்தில் தண்ணீர் நாக்கு நீட்டி நக்கிப் பார்த்தது. மச்சானுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் போட்டான். எடுக்கவில்லை.

கண்மாய்க்காரனுக்கு இந்த இடத்தில் தோன்றுவது ஒன்றுதான். கரை மேல் தண்ணீர் ஏறினால் கரை போய்விடும். ஏறவிடாமல் கொஞ்சம் வெளியே விட்டால் கரை தப்பும். அவன் ஊர்க் கண்மாயில் அந்த வேலையைக் கலுங்கு செய்கிறது. மிஞ்சின தண்ணீர் மட்டும் கலுங்கில் வழிந்து போகும், மற்றது உள்ளே நிற்கும், மீனும் நிற்கும். நாளக்கழிச்சு வரைக்கும் இந்த மணலைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்று அருள்பாண்டி நினைத்தான். மண்வெட்டியை எடுத்துத் தாழ்ந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் கீறிவிட்டான்.

தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது. கயிறு திரித்ததுபோல் மெல்லிசாக ஓடிக் கடலில் விழுந்தது. நாக்கு பின்வாங்கியது. அவனுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. ஒரு பீடியைப் பற்ற வைத்தான்.

பீடி முடியவில்லை. தொப் என்று ஒரு சத்தம்.

கலுங்கு கல்லால் கட்டியது. அதன் மேல் எவ்வளவு தண்ணீர் போனாலும் கல் அங்கேயே கிடக்கும். மணல் அப்படி இல்லை. ஓடுகிற தண்ணீர் முதலில் வாய்க்காலின் தரையை அள்ளிக்கொண்டு போகிறது. தரை இறங்கினதும் இரண்டு ஓரத்துச் சுவர்களுக்கும் காலடியில் பிடிப்பு இல்லை, சரிந்து விழுகின்றன. விழுந்த மணலையும் தண்ணீர் தின்கிறது. வழி அகலமானதால் இன்னும் அதிகத் தண்ணீர் வருகிறது. அதிகத் தண்ணீர் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. வெளியிலிருந்து ஒருவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது தன்னைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும்.

அருள்பாண்டி மணலை வெட்டி வெட்டிப் போட்டான். போட்ட மணல் தரையைத் தொடவே இல்லை. கருவேலங்கிளையை இழுத்து வந்து குறுக்கே போட்டான், அது சுழன்று கடலுக்குப் போனது. கடைசியில் தானே இறங்கிக் குறுக்கே நின்றான். காலுக்கு அடியிலிருந்த மணல் விரல்களுக்கு நடுவே நழுவ, அவன் நின்றபடியே இறங்கினான். அப்போது முழங்காலில் என்னவோ பொரி வாரி எறிந்ததுபோல் பட்டது. இறால். அடுத்தது மடவை, ஒன்றன்மேல் ஒன்று துள்ளி, அவன் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கரையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த அழகி என்ற ஊர்ப்பெண் சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"யாருய்யா வெட்டச் சொன்னது?"

"கரை ஒடஞ்சிரும்னு..."

"மாசக்கணக்கா அடச்சுக் கெடக்கு, இன்னிக்கா ஒடையப் போகுது? தாந்த எடத்துல நாலு கூடை மணலைக் கொட்டுனா முடிஞ்சுச்சு."

"வலையக் கட்டிருவோம்க்கா. பிடிங்க."

அந்த வலையைக் கட்ட நாலு திடமான ஆண்கள் வேண்டும். ஆண்கள் எல்லாம் கடலில் இருந்தார்கள். இரண்டு பேருமாகக் கம்பை ஊன்றினார்கள். ஓடுகிற மணலில் கம்பு நிற்குமா? சாய்ந்தது. வலை முறுக்கிக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்து இழுத்தது.

"விட்டுருங்க தம்பி" என்றாள் அழகி. முதல் தடவையாக அவள் குரல் இறங்கியிருந்தது. "மீனை விடுங்க. வலையாச்சும் மிஞ்சட்டும்."

வலையைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு அவன் உட்கார்ந்தான். எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. மேட்டின் மீது வைத்திருந்த போன் அடித்தது.

"கூப்பிட்டிருந்தீக போல மாப்ள. கூட்டம், கேக்கல. நல்ல தரிசனம். தண்ணி எப்படி இருக்கு?"

அருள்பாண்டி போனோடு எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போனான்.

"அது என்ன இரைச்சல்?"

"தண்ணி மச்சான்."

"வலை?"

"கரையில கெடக்கு. கட்ட முடியல."

"வாய் எம்புட்டு அகலம் ஆயிருச்சு?"

"ஒரு வள்ளம் போகும்."

"நீங்க தண்ணிக்குள்ள இறங்காதீக" என்று மட்டும் சொன்னார் பூமிநாதன்.

சாயங்காலம் ஊர் வள்ளங்கள் புது வாய் வழியாகவே சுகமாக உள்ளே வந்தன. பூமிநாதனும் வீரலட்சுமியும் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார்கள். விசயம் கேட்டு எல்லாரும் மணலில் கூடினார்கள். ஊர்த்தலைவர் பூமிநாதனின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வாய் திறந்துருச்சு, தண்ணி போயிருச்சு. யாரு வீட்டு ஆளு வெட்டுனாலும் முறை முறைதான். இனி அடுத்த வீடு."

"மில்லுக்கு ஆள் பிடிக்க இது நல்ல வழியா இருக்கே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

அருள்பாண்டி திரும்பினான். இல்லை என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் அந்தப் பேச்சில் ஏதோ இருப்பதாகத்தான் ஆகும்.

"அவரு என் தங்கச்சி புருசன்" என்றார் பூமிநாதன். "அவரைப் பேசுறதா இருந்தா என்னையப் பேசிட்டுப் போ." சொல்லிவிட்டு வலையை அலசப் போனார். வீரலட்சுமி ஒரு மோதகத்தை இலையில் வைத்து அருள்பாண்டி பக்கத்தில் வைத்தாள். தம்பி என்று கூப்பிடவில்லை. அவன் அதைச் சாப்பிடவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கையில் வைத்திருந்தான்.

மறுநாள் காலையில் வேனைக் கிளப்பும்போது பூமிநாதன் ஒரு பையோடு வந்து நின்றார்.

"மில்லுல இன்னும் ஆளு வேணுமா மாப்ள?"

வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் அருள்பாண்டிக்கு ஆசை. "ஏறுங்க மச்சான்" என்றான்.

புதுவயலுக்கு முன்னால் ஒரு கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் பூமிநாதன். இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே பார்த்தார். கல்லின் மேல் ஒரே அளவில், ஒரே சத்தத்தோடு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கல் அசையவில்லை, கரை அசையவில்லை.

"இதத்தான் மனசுல நெனச்சீகளா?"

"ஆமா மச்சான்."

"நல்லாத்தான் கட்டிருக்காக" என்றார். பிறகு பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அருள்பாண்டி கியரைப் போட்டான்.